தவக்காலத்திற்கு முந்தைய சிறகுகள்

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கில் நற்கருணைப் பவனிக்காக நான்கு சிறுமியருக்கு வானதூதர் வேடம் புனைந்தோம். எங்கள் பாட்டிமார் 'சம்மனசு' என்றுதான் சொல்வர். அந்தப் பழைய சொல்லில் இருந்த நெருக்கம் புதிய சொல்லில் ஏனோ எனக்குக் கிட்டுவதில்லை. சிறகு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மளிகைக் கடையின் அட்டைப் பெட்டி, மூங்கில் சிம்பு, கிழிந்த வெள்ளை நைலக்ஸ் சேலை, பழைய தலையணைப் பஞ்சு, கோதுமை மாவுப் பசை ஆகியவற்றைக் கொண்டு இரண்டு இரவுகள் விழித்திருந்து செய்து முடித்தேன். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் பவனி புறப்படும் வேளையில் ஒரு சிக்கல் எழுந்தது. சிறகின் அகலம் நான்கு அடி. சாக்றிஸ்து அறையின் கதவோ மூன்று அடி. பிள்ளைகள் நண்டுபோல் பக்கவாட்டில் நடந்து வெளியேற, ஒரு சம்மனசின் வலப்பக்கச் சிறகு நிலையில் மோதி முறிந்தது. அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆலய வாயிலருகே குடை பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். முறிந்த சிறகைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த அவர், "ஐயா, விரிச்ச குடையோட யாராவது வீட்டுக்குள்ள நுழைவாங்களா?" என்று கேட்டார். பிறகு தம் பையிலிருந்த உடைந்த குடைக்கம்பிகளில் நான்கை எடுத்து, ஒரே ஆணியில் கோத்து, விசிறிபோல் மடக்கியும் விரித்தும் காட்டினார். அவ்வாண்டு அதைச் செய்து முடிக்க நேரமில்லை. மூன்று சம்மனசுகளே பவனியில் சிறகோடு நடந்தார்கள்.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியையே தன் வீதிக் கலையின் நடுவில் வைத்துக்கொண்ட ஒரு தீவு உலகில் உண்டு என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தேன். அத்தீவு மேற்கிந்தியத் தீவுகளுள் தென்கோடியில் இருக்கும் டிரினிடாட். அதன் கதையை நம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறகு செய்து அணியும் வழக்கம் நம் திருச்சபையின் வரலாற்றில் புதியதன்று. இங்கிலாந்தின் யார்க் நகரில் இடைக்காலத்தில் தொழிற் சங்கங்கள் ஒவ்வொன்றும் விவிலிய வரலாற்றின் ஒரு பகுதியைத் தேர்மீது வைத்து வீதி வீதியாக நடித்துக் காட்டும். கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவை ஒட்டிய நாடகங்கள் அவை. கடைசித் தீர்ப்பின் காட்சி வணிகர் சங்கத்திற்கு உரியது. அச்சங்கம் 1433ஆம் ஆண்டு எழுதிவைத்த பொருட்பட்டியல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. இறைவன் இறங்கி வருவதற்கான இருக்கை, மேகங்கள், நீண்ட மெல்லிய கயிற்றை இழுத்தால் வானத்தில் ஓடித் திரியும் சிவப்பு வண்ணம் தீட்டிய ஒன்பது சிறு சம்மனசுகள் என்று நீளும் அப்பட்டியலில், முனைகளில் இரும்பு பொருத்திய இரண்டு சோடி வானதூதர் சிறகுகளும் இடம்பெறுகின்றன. அந்த இரும்பு முனை எதற்கு? அணிபவரின் முதுகுச் சட்டத்தில் செருகிக் கழற்றுவதற்காக இருக்கலாம் என்பது என் ஊகம். யார்க்கின் பழைய வீதிகள் சில இன்றும் எதிரெதிர் வீட்டார் கைகுலுக்கும் அளவுக்குக் குறுகியவை. அங்கும் யாரோ ஒரு பிள்ளை கதவில் மோதியிருப்பான்! சீர்திருத்தக் காலத்தின் புதிய ஒழுங்கில் அந்நாடகங்களுக்கு இடமில்லாது போயிற்று. 1569க்குப் பிறகு அவை நெடுங்காலம் நடைபெறவில்லை.

டிரினிடாட்டுக்கு வருவோம். முதலில் அது ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. மக்கள்தொகை குறைவாக இருந்ததால், 1783இல் ஸ்பானிய அரசர் ஓர் ஆணை பிறப்பித்து, கத்தோலிக்கராக இருக்கும் பிற நாட்டவரும் அங்கே குடியேறி நிலம் பெறலாம் என்று அறிவித்தார். பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளுடன் வந்து சேர்ந்தனர். 1797இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றினாலும், ஊரின் பேச்சும் பண்டிகையும் பிரெஞ்சுக் கத்தோலிக்க மணத்தோடே தொடர்ந்தன. கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து சாம்பல் புதன்வரை பெரிய வீடுகளில் முகமூடி நடனங்களும் விருந்துகளும் நிகழும். (விபூதிப் புதன் என்று நம் முன்னோர் அழகாகச் சொன்ன அதே நாள்தான்.) நாற்பது நாள் நோன்புக்கு முன் இறைச்சிக்கு விடைகொடுக்கும் பொருளில் அமைந்ததே கார்னிவல் என்ற பெயர். கோவா மாநிலத்தில் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற கார்னிவலை நம்மிற் சிலர் பார்த்திருக்கக்கூடும்.

அந்த முகமூடி நடனங்களில் ஒரு வேடத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனம் கசந்தது. வெள்ளை முதலாளிமார் தோட்டத்து அடிமைபோல் வேடமிட்டு ஆடுவார்களாம். கரும்புத் தோட்டத்தில் தீப்பற்றினால் அண்டைத் தோட்டங்களின் அடிமைகளையெல்லாம் நள்ளிரவில் கொம்பூதிச் சாட்டையடித்துத் தீயணைக்க ஓட்டிவருவார்கள். அந்தக் காட்சியை முதலாளிகள் தீப்பந்தம் ஏந்தி விளையாட்டாக நடித்து மகிழ்ந்தார்கள். அடிமைகளுக்கு அந்த விழாவில் இடமில்லை. மற்றவர் அணிந்து கழற்றும் வேடமாக மட்டுமே அவர்கள் அங்கே இருந்தார்கள்.

1834 ஆகஸ்டு முதல் நாள் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. தொழில் பழகுநர் என்ற பெயரில் நீடித்த கட்டாய உழைப்பும் 1838இல் முடிவுக்கு வந்தது. விடுதலை பெற்றோர் வீதிக்கு வந்தனர். தங்களைக் கேலி செய்த அதே தீப்பந்த ஊர்வலத்தைத் தங்கள் விடுதலையின் நினைவாகத் தாங்களே எடுத்து நடத்தினர். 'எரியும் கரும்பு' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்கள் மருவி அதற்குக் 'கேன்புலே' என்ற பெயர் நிலைத்தது. மேட்டுக்குடியினர் இதைக் கண்டு முகம் சுளித்தனர்; வீதி விழாவைத் தடைசெய்ய வேண்டும் என்று பத்திரிகைகளில் எழுதினர். 1881இல் தலைநகராகிய போர்ட் ஆப் ஸ்பெயினில் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கரின் ஆட்களுக்கும் தீப்பந்தம் ஏந்தியோருக்கும் இடையே கடும் மோதல் மூண்டது. 1884இல் புதிய சட்டம் தீப்பந்தத்தையும் கம்புச் சண்டைக் கூட்டங்களையும் மேளத்தையும் அடக்கியது. அதே 1884இல், அக்டோபர்த் திங்களில், நம் நாட்டிலிருந்து சென்ற கூலித் தொழிலாளர்கள் மொகரம் நாளில் மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு செய்த தாசியாக்களைச் சுமந்து சான் பெர்னாண்டோ நகருக்குள் நுழைய முயன்றபோது அரசு துப்பாக்கிச் சூடு நடத்திப் பலரைக் கொன்றது. காகிதமும் மூங்கிலும் சுமந்து வந்தவர்களை நோக்கித்தான் துப்பாக்கிகள் நீட்டப்பட்டன.

1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 1,44,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அத்தீவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாத் துறைமுகம் வழியே சென்ற வடநாட்டார். சென்னையில் கப்பலேறிய சிறுபான்மையினரை அங்கே 'மதராசிகள்' என்று அழைத்தார்கள். தீவின் தெற்கே சிப்பாரியா என்னும் ஊரில், கப்புச்சின் துறவியர் தொடங்கிய பணித்தளத்தில், 'தெய்வீக மேய்ப்பி' என்ற பெயரில் அன்னை மரியாளின் திருவுருவம் ஒன்று இருக்கிறது. பெரிய வியாழன் இரவும் பெரிய வெள்ளியன்றும் இந்து மக்கள் திரள்திரளாக அங்கே வந்து காணிக்கை செலுத்துவர். அவர்களுக்கு அவள் 'சிப்பாரி மாயி'. வேளாங்கண்ணியைக் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. சிறகின் கதையிலிருந்து சற்றே விலகிவிட்டேன், வாசகர் பொறுத்தருள்க.

சட்டம் தீப்பந்தத்தைப் பறித்தது, மேளத்தைப் பறித்தது. ஆனால் கம்பியையும் துணியையும் காகிதத்தையும் பறிக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு புலர்ந்தபோது, வேடமே அம்மக்களின் முதன்மையான மொழியாயிற்று. வேடம் புனைந்து ஆடுவதை அவர்கள் 'மாஸ்' என்கிறார்கள். முகமூடி விழாவைக் குறிக்கும் நீண்ட சொல்லின் சுருக்கம் அது. காதால் கேட்டால் திருப்பலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்போலவே ஒலிக்கும். இந்த ஒலி ஒற்றுமை சிலருக்கு உவப்பாகவும் சிலருக்கு உறுத்தலாகவும் இருந்து வந்திருக்கிறது.

மாஸ் வேடங்களில் சிறகுடையவை இரண்டு குடும்பங்கள். ஒன்று நரகக் கூட்டம். அதைத் தொடங்கியவராகக் கருதப்படுபவர் பேட்ரிக் ஜோன்ஸ். வாணவெடி செய்பவர், கலிப்சோ பாடகரும்கூட. 1906ஆம் ஆண்டு வாக்கில், தாந்தேயின் நரக காண்டத்துக்கு வரையப்பட்ட படங்கள் அவர் கண்ணில் பட்டன என்றும், அதிலிருந்தே லூசிபர், பெயெல்செபூல், சங்கிலியில் பிணித்த பறவைநாகம், அதைச் சுற்றித் துள்ளும் குட்டிச் சாத்தான்கள் என ஒரு முழுப் படையும் வீதிக்கு வந்தது என்றும் சொல்லப்படுகிறது. குட்டிச் சாத்தான்களுக்கு முதுகில் சிறிய கம்பிச் சிறகுகள். ஆடும்போது அவை படபடக்கும். பறவைநாகம் தெருவோரச் சாக்கடையைக் கடக்கும் காட்சிதான் உச்சம். தண்ணீர் அதற்குத் தீர்த்தத்தை நினைவூட்டுகிறதாம்; அஞ்சும், பின்வாங்கும், முகர்ந்து பார்க்கும், இறுதியில் தாவும். மறைக்கல்வி நூலை அரைகுறையாய்க் கேட்டவனாலும் அத்தகைய ஒரு காட்சியைப் புனைய முடியாது. முழுதாய்க் கேட்டவனே அதில் விளையாடத் துணிவான்.

மற்றொன்று வௌவால். எளிய வேடமாயினும், மடங்கும் சிறகின் நுட்பமெல்லாம் அதில்தான் இருக்கிறது. உடலோடு ஒட்டிய கறுப்பு அல்லது பழுப்பு உடை. தலையை மூடும் முகமூடி. சிறகு விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை 12 முதல் 15 அடி. பிரம்பாலும் கம்பியாலும் விலா எலும்புகள்போல் சட்டம். அதன்மேல் இழுத்துத் தைத்த துணி. ஆடுபவர் கைகளை நீட்டினால் சிறகு விரியும். மார்போடு சேர்த்தால் தம்மைத் தாமே போர்த்திக்கொள்வார். கால்விரல் நுனியில் நடப்பார், தரையில் ஊர்வார், திடீரென எழுந்து வீதியை அடைத்துக்கொண்டு விரிவார்.

இதில் அடங்கிய கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஏழடி நீளமுள்ள பிரம்பை ஒரு முனையில் பிடித்து நீட்டினால், அதன் எடை சிறிதே ஆனாலும் தோளில் பல மடங்காய் இழுக்கும். ஆகவே முனைக்குச் செல்லச் செல்லக் கம்பு மெலிய வேண்டும். எல்லா விலாக்களும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் கூடினால்தான் பனையோலை விசிறிபோல் ஒழுங்காய் மடங்கும். துணி இறுக்கமாயின் சிறகு முழுதும் விரியாது. தளர்ந்தால் காற்று வாங்கித் தொங்கும். கார்னிவல் நிகழ்வது அத்தீவின் உலர்காலத்தில். அப்போது கீழ்க்காற்று ஓயாமல் வீசும். அரங்கு அமையும் சவானா மைதானமோ திறந்த வெளி. பதினைந்தடிச் சிறகோடு நிற்பவன் பாய் விரித்த தோணிக்கு ஒப்பு. காற்றோடு போரிட்டால் தோள் கழன்றுவிடும். எப்போது மடக்குவது, எப்போது விரிப்பது என்பதைக் காற்றே அவனுக்குக் கற்றுக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் எவரும் கலைக்கல்லூரியில் பயின்றவர் அல்லர். தச்சர், தையற்காரர், துறைமுகக் கூலி, பள்ளி ஆசிரியர் எனப் பலரும் புத்தாண்டு பிறந்ததும் வீட்டு முற்றங்களில் கூடுவர். அந்த முற்றமே 'மாஸ் முகாம்'. களிமண்ணில் முகம் வடித்து, அதன்மேல் எண்ணெய் பூசி, பழைய செய்தித்தாளை மாவுப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காய் ஒட்டி, காய்ந்தபின் கழற்றினால் முகமூடி. இரும்புக் கம்பியைக் கையாலும் குறடாலும் வளைத்து உருவம் காண்பவர்கள் தனி மரியாதை பெற்றவர்கள். கம்பி வளைப்போர் என்றே அவர்களுக்குப் பெயர். வரைபடம் இல்லை, பற்றவைப்பு இல்லை. இணைப்புகளை மெல்லிய கம்பியோ ஒட்டுத் தாளோ பிடித்துக்கொள்ளும். அவர்களுள் புகழ்பெற்ற சீட்டோ வெலாஸ்கெஸ், 1959இல் 'கனிகளும் மலர்களும்' என்ற தலைப்பில் ஒரு குழுவையே வீதியில் இறக்கினார். கம்பியில் பழம் காய்த்த அந்த ஆண்டை முதியோர் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கார்னிவல் தடைப்பட்டிருந்தபோதும், அதே ஏழை முற்றங்களில் எண்ணெய்ப் பீப்பாய்களைத் தட்டித் தட்டிச் சுரம் பிறப்பித்து எஃகு மேளம் உருவாயிற்று என்பதை நினைவில் கொண்டால், அம்மக்கள் குப்பையை எந்தக் கண்ணோடு நோக்கினர் என்பது விளங்கும்.

1950களுக்குப் பின் வேடங்கள் பெருத்தன. ஜார்ஜ் பெய்லி 1957இல் 'ஆப்பிரிக்காவுக்குத் திரும்புதல்' என்ற குழுவைக் கொணர்ந்து, கறுப்பு மக்கள் தம் மூதாதையரை அரசர்களாக வீதியில் காணும்படி செய்தார். ஆனால் அரசன், அரசி என்ற தலைமை வேடங்கள் காலப்போக்கில் ஒருவர் சுமக்க முடியாத அளவுக்கு வளர்ந்து, அடியில் சக்கரம் வைத்து இழுத்துவரப்படும் நிலை ஏற்பட்டது. அணிந்தவர் ஆடவில்லை; தம் பின்னால் ஒரு வண்டியை இழுத்தார்.

இந்நிலையில்தான் பீட்டர் மின்ஷல் வருகிறார். 1941இல் கயானாவில் பிறந்து போர்ட் ஆப் ஸ்பெயினில் வளர்ந்த வெள்ளையர். பதின்மூன்றாம் வயதில் ஓர் அட்டைப் பெட்டி, பச்சையும் வெள்ளியும் ஆன வண்ணம், கொஞ்சம் புல், கம்பி, கிறிஸ்துமஸ் மணிகள், நாய் கடித்துப் போட்ட எலும்புகள் ஆகியவற்றைக் கொண்டு ஆப்பிரிக்க மந்திரவாதி வேடம் ஒன்றைத் தாமே செய்துகொண்டார். பின்னர் லண்டன் சென்று நாடக மேடை அமைப்பைப் பயின்றார். அங்கே மாணவராக இருந்த நாளில் தம் ஊரின் பழைய வௌவால் வேடத்தைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்ததாகப் பலமுறை கூறியிருக்கிறார். வேடம் என்பது மனிதன்மேல் தொங்கவிடப்படும் சிற்பம் அன்று; அவன் எலும்பின் நீட்சி. அவன் மூச்சு விட்டால் அதுவும் விட வேண்டும். இந்தப் பாடத்தை அவருக்குக் கற்பித்தது ஏழையின் பிரம்புச் சிறகே.

1974இல் அவருடைய தாய், தத்தெடுத்து வளர்த்த தம் மகளுக்கு ஒரு கார்னிவல் வேடம் செய்து தரும்படி கேட்டார். ஓசனிச்சிட்டு செய்வது என்று முடிவாயிற்று. டிரினிடாட்டின் தொல்குடியினர் தம் தீவை 'ஈரே' என்று அழைத்ததாகவும், அது ஓசனிச்சிட்டின் நாடு என்று பொருள்படும் எனவும் மக்கள் கூறுவர். 1962இல் விடுதலை பெற்ற அந்நாட்டின் சின்னத்திலும் அப்பறவை இருக்கிறது. கட்டைவிரல் அளவே உள்ள, தேனுண்ணும்போது ஓரிடத்தில் நின்று பறக்கும் பறவை. அதைப் பெரிதாய்க் காட்டுவது எப்படி? 12 பேர் ஐந்து வாரம் உழைத்தனர். 104 இறகுகள், ஒவ்வோர் இறகும் துணித் துண்டுகள் பலவற்றை அடுக்கி ஒட்டித் தைத்து உருவானது. சக்கரம் இல்லை, வண்டி இல்லை. எல்லாம் அந்தச் சிறுமியின் தோளும் கையும் தாங்கும் எடைதான்.

மேடைக்கு அவள் வந்தபோது கூட்டம் பெரிதாய்க் கவனிக்கவில்லை என்கிறார்கள். முன்னே சென்றவையெல்லாம் மாபெரும் அலங்காரங்கள்; இதுவோ மடங்கிய நீலப் பச்சைத் துணிப்பொதி. சிறுமி நடுமேடையை அடைந்து கைகளை உயர்த்தினாள். சிறகு விரிந்தது. பின் அவள் ஓடினாள், சுழன்றாள், படபடத்தாள். நீலமணி ஒன்று உயிர்பெற்று ஆடியதுபோல் இருந்ததாம். ஒரு சிறுமியின் இரு கைகள் அன்று அத்தீவின் வேடக் கலையைத் திசைதிருப்பின என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகின்றனர்.

அதன்பின் மின்ஷல் அடுக்கடுக்காய்ப் படைத்தார். ஸ்டீபன் லீ ஹியுங் என்பவரின் குழுவுக்காக 1976இல் அவர் வடிவமைத்தது மில்டனின் 'இழந்த சொர்க்கம்'. வீழ்ந்த வானதூதரும் வீழாத வானதூதரும் ஒரே வெயிலில் சிறகசைத்து நடந்தனர். 1982இல் வண்ணத்துப்பூச்சியின் பெயர்தாங்கி ஒரு குழு வீதியை நிறைத்தது. ஒருவர் அணியும் வியப்பாக இருந்த விரியும் சிறகு, கூட்டம் முழுதும் அணியும் பொதுச் சொத்தாயிற்று. 1992 பார்சிலோனா, 1996 அட்லாண்டா, 2002 சால்ட் லேக் சிட்டி ஆகிய ஒலிம்பிக் தொடக்க விழாக்களிலும் அவர் கைவண்ணம் இருந்தது. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் கண்ட அந்த அசைவுகளின் பாட்டனார் போர்ட் ஆப் ஸ்பெயின் சந்து ஒன்றில் ஊர்ந்து சென்ற வௌவால் என்பது பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

எதிர்ப்பும் இருந்தது. 1995இல் அவர் தம் குழுவுக்கு 'அல்லேலூயா' என்று பெயர் சூட்டியபோது, புனிதச் சொல்லைக் களியாட்டத்திற்குப் பயன்படுத்துவதா என்று கிறிஸ்தவப் போதகர் பலர் கண்டித்தனர். இந்த வினாவை நான் எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். கார்னிவலில் குடியும் வரம்பு மீறலும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய வெள்ளிக்கு முன்னோட்டமாய் அமைந்த நோன்பைக் குடித்துக் களித்து வரவேற்பது முரண்தான். ஆயினும் கண்டித்தவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நம் ஆலயங்களின் ஓவியங்களில் வானதூதருக்குச் சிறகு வரைந்தது யார்? கிறிஸ்தவத்தின் முதல் நூற்றாண்டுகளில், உரோமைப் பிரிசில்லா நிலவறைக் கல்லறையின் சுவரில், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் தூதருக்குச் சிறகே இல்லை. சாதாரண மனிதர்போல் நிற்கிறார். எசாயா கண்ட செராபீன்களுக்கு ஆறு சிறகுகள் உண்டென்று விவிலியம் சொல்லியும், தூது வரும் சம்மனசுக்குச் சிறகு முளைக்க நான்காம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அக்காலக் கலைஞர் முன் உரோமையரின் வெற்றித் தேவதை சிறகோடு நின்றுகொண்டிருந்தாள். புறவினத்தாரின் சிறகைச் சம்மனசுக்கு மாட்டியபோதும் யாராவது முகம் சுளித்திருப்பார்கள் அல்லவா?

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1990கள் முதல் கார்னிவல் வீதியில் பெரும்பான்மை இடத்தைப் பிடித்திருப்பது மணியும் இறகும் தைத்த சிறு நீச்சலுடைகள். அவற்றில் பெரும்பகுதி சீனத்தில் தைக்கப்பட்டுப் பெட்டிகளில் வந்திறங்குகிறது. பணம் கட்டி வாங்கி அணிந்தால் போதும். யாரும் முற்றத்தில் கூடி இரவெல்லாம் பசை கிளற வேண்டியதில்லை. முதுகில் செருகிய இறகுக்கொத்து பார்க்க அழகுதான். ஆனால் அது மடங்காது, மூச்சு விடாது, கதவுக்கு வெளியே கழற்றி வைக்கத்தான் வேண்டும். கம்பி வளைக்கத் தெரிந்த கைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஒரு மக்கள் கூட்டம் சட்டத்தோடும் துப்பாக்கியோடும் போராடிப் பெற்ற திறமை, வசதியின் கையில் அமைதியாய்த் தோற்றுக்கொண்டிருந்தது.

முற்றிலும் அழிந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. செயின்ட் அகஸ்டின் என்னும் நம் புனிதரின் பெயர் தாங்கிய ஊரில் உள்ள மேற்கிந்தியத் தீவுகள் பல்கலைக்கழக வளாகம் கார்னிவல் கலைகளைப் பாடமாகவே எடுத்துக்கொண்டது. 2016இல், எழுபத்தைந்து வயதை நெருங்கிய மின்ஷல், நெடிய இடைவெளிக்குப் பின் சவானா அரங்குக்கு ஒரு வேடத்தைக் கொணர்ந்தார். பெயர் 'சாகும் அன்னம்'. இளைஞன் ஒருவன் உயர்ந்த மரக்கால்களின்மேல், பாலே ஆடுபவளின் கால்நுனி போல அமைந்த முனைகளில், வெண்துணியோடு தனியே ஆடினான். பெரும் அலங்காரம் எதுவும் இல்லை. சிலர் அதை மாஸ் என்று ஏற்க மறுத்தனர்; பலர் கண்ணீர் விட்டனர். 2021இல் கொள்ளைநோயால் வீதிகள் வெறிச்சோடின. முழு விழா 2023இல்தான் திரும்பியது. முன்னொரு முறை, 1972இல், இளம்பிள்ளைவாதம் பரவியபோது விழாவை மே மாதத்திற்குத் தள்ளிவைத்திருந்தார்கள். மழைக்காலத்தின் விளிம்பில், காகிதமும் பசையும் அணிந்தவர்கள் வானத்தைப் பார்த்தபடியே ஆடியிருப்பார்கள்.

செவ்வாய் நள்ளிரவில் மேளம் ஓய்கிறது. மறுநாள் காலை போர்ட் ஆப் ஸ்பெயின் ஆலயங்களில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசை நிற்கிறது. முந்திய இரவு ஆடியவர்களும் அவ்வரிசையில் இருப்பார்கள். வெளியே சாலையோரங்களிலும் சவானாவின் புல்லிலும் சிறகுகள் கிடக்கின்றன. அடுத்த ஆண்டுக்கென எடுத்துவைப்பது வழக்கமில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே செய்ய வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் அவற்றை மடக்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். மடங்காதவற்றை உடைத்து ஏற்றுகிறார்கள்.